1992-இல் மதுரையில் எனக்கு 13 வயது

"என் மகளுக்கு 13 வயது. போன், யூட்யூப் எதுவும் இல்லாமல் 90களில் வளர்ந்த பிள்ளைகள் வீட்டிலும் நண்பர்களோடும் பொழுதை எப்படிக் கழித்தார்கள், பாட்டு கேட்க, படம் பார்க்க என்ன செய்தார்கள், போரடிக்கவே இல்லையா என்று கேட்கிறாள். அந்த வயதில் அப்போது இருந்த யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள். நான் 1979-இல் பிறந்தவள். மதுரையில் வளர்ந்தேன். 1992-இல் எட்டாம் வகுப்பு.

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். போரடித்தது. நன்றாகவே போரடித்தது. மே மாத மதியம் 2 மணி, வீட்டில் கரண்ட் இல்லை, அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறார், சத்தம் போடக் கூடாது. அந்த மதியங்கள் எவ்வளவு நீளம் என்று இப்போதும் நினைவிருக்கிறது. ஆனால் அதிலிருந்து தனியாகத் தப்பித்துப் போக எங்களிடம் எந்தக் கருவியும் இல்லை. பாட்டோ படமோ கதைப் புத்தகமோ, எதுவானாலும் இன்னொரு ஆள் வழியாகத்தான் கைக்கு வரும். அந்த வயதைப் பற்றி எனக்கு இருக்கும் நினைவில் பாதிக்கு மேல் அந்த ஆட்கள்தான்.

எங்கள் வீடு தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மதுரையில் காம்பவுண்டு என்போம். ஒரே வாசல், உள்ளே வரிசையாக ஆறு வீடுகள், நடுவில் முற்றம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அப்பாவுக்கு மில் வேலை. அவருடைய ஷிஃப்ட்தான் எங்கள் வீட்டின் கடிகாரம். பகல் ஷிஃப்ட் வாரம் என்றால் சாயந்திரம் பாட்டு போடலாம், நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் அவர் கிளம்பிப் போன பிறகுதான். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தை வரிசையில் வைப்பது என் வேலை. அண்ணனுக்கு அந்த வேலை கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 13 வயதுப் பையனின் நாளும் 13 வயதுப் பெண்ணின் நாளும் அன்றைக்கு ஒன்றில்லை. பின்னால் அதற்கு வருகிறேன்.

பாட்டு. எங்கள் வீட்டில் ஒரு டூ இன் ஒன் இருந்தது. ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி. பெரியப்பா மகன் சவுதியிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. ஆறு வீட்டுக்கும் சேர்த்து அப்படி ஒன்றுதான் இருந்ததால், எங்கள் வீட்டில் ஓடும் பாட்டு காம்பவுண்டு முழுக்க ஓடும் பாட்டாக இருந்தது. எதிர்வீட்டு அத்தை அரிசி புடைத்துக்கொண்டே "அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடு தாயி" என்பார். இன்னொரு தடவை போடுவது லேசான காரியமில்லை. ரீவைண்ட் பட்டனை அமுக்கி, சத்தத்தை வைத்தே எங்கே நிறுத்துவது என்று கணக்குப் பண்ணி, விட்டுப் பார்த்து, தாண்டிப்போயிருந்தால் திரும்பக் கொஞ்சம் ஓட்ட வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பென்சிலைக் கேசட் சக்கரத்தின் பல்லில் கோத்துக் கையாலேயே சுற்றுவோம்.

கம்பெனி கேசட் விலை அதிகம். அதனால் எல்லாரும் போவது ரெக்கார்டிங் கடைக்கு. டவுன்ஹால் ரோடு பக்கம் அப்படிப் பல கடைகள். காலி கேசட் ஒன்றை வாங்கி, நமக்கு வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாள் கழித்துப் பதிந்து வைத்திருப்பார்கள். உரிமை வாங்கியெல்லாம் செய்ததில்லை. வாங்கிக் கேட்ட எங்களுக்கும் அது தப்பு என்று அப்போது தெரியாது.

அந்தப் பட்டியலை உங்கள் மகளுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம். ஒரு பாட்டு நாலரை, ஐந்து நிமிடம் என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. அதற்கு மேல் இடமில்லை. 90 நிமிடக் கேசட்டும் உண்டு. ஆனால் அதே பெட்டிக்குள் அவ்வளவு நாடாவையும் சுற்ற வேண்டும் என்பதால் நாடா மெலிசாக இருக்கும். வெயில் காலத்தில் டேப்புக்குள் போய் மாட்டிக்கொண்டு கசங்கிவிடும் என்று கடைக்காரரே "வேண்டாம், அறுபதே வாங்கு" என்பார். ஆக, பன்னிரண்டு பாட்டு. வீட்டில் நாலு பேர். அப்பாவுக்கு டி.எம்.சௌந்தரராஜன் பாட்டு குறைந்தது இரண்டு வேண்டும். அம்மாவுக்கு பி.சுசீலா. அண்ணனுக்கு இளையராஜாவைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அந்தத் தாளை முடிக்க எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஆகும். சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. அப்பா, டி.எம்.எஸ். நம்ம மதுரையிலேயே சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர், நம்ம ஊர்க் குரல் என்பார். அண்ணன் விடமாட்டான். இளையராஜாவின் பண்ணைப்புரமும் நம்ம மாவட்டம்தானே என்பான். உண்மைதான். தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-இல். அதுவரை பண்ணைப்புரம் மதுரை மாவட்டத்து ஊர். இப்படிச் சண்டை போட்டுக்கொண்டேதான் அப்பாவின் பாட்டுகள் எனக்கும், அண்ணனின் பாட்டுகள் அப்பாவுக்கும் மனப்பாடமாகின. பிடிக்காத பாட்டைத் தள்ளிவிட முடியாது. கேட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கேட்டுக் கேட்டே அதில் சில பிடித்துவிடும். இன்று நான் விரும்பிக் கேட்கும் பழைய பாட்டுகள் அநேகமாக எல்லாமே அப்படி வந்தவை.

1992 ஆகஸ்ட் 15-இல் ரோஜா படம் வந்தது. ஏ.ஆர்.ரஹ்மானுக்கு முதல் படம். அப்போது அவருக்கு 25 வயது. முதல் படத்துக்கே தேசிய விருது வாங்கினார் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எங்களுக்கு அன்றைக்குத் தெரிந்தது, டீக்கடையில் அந்தப் படத்துப் பாட்டு ஓடும்போது சந்துச் சுவர் அதிர்வதுதான். அதே பாட்டை வீட்டு டூ இன் ஒன்னில் போட்டால் அந்த அதிர்வு வரவில்லை. அதன் சின்ன ஸ்பீக்கருக்கு அந்தக் கீழ்ச்சத்தத்தை, அதாவது பேஸை, கொடுக்கும் தெம்பு கிடையாது. இளையராஜாவைத் தவிர யாரையும் ஏற்காத என் அண்ணன்தான் வழி கண்டுபிடித்தான். பழைய ஸ்பீக்கர் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, ஒயர் இழுத்து, காலி மண்பானையின் வாய்மேல் கவிழ்த்து வைத்தான். டீக்கடைகளிலும் சைக்கிள் கடைகளிலும் அன்றைக்கு எல்லாரும் செய்த வேலைதான் அது. பானைக்குள் காற்று சேர்ந்து அதிர்ந்து, கீழ்ச்சத்தம் கனமாக எழும். அன்று சாயந்திரம் ஆறு வீட்டுக்காரர்களும் முற்றத்துக்கு வந்து நின்றார்கள். அண்ணன் பானையின் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, மூன்று முறை அதே பாட்டைச் சுற்றிப் போட்டான். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

டிவி எங்கள் வீட்டில் இல்லை. காம்பவுண்டின் முதல் வீட்டில் ஒரு சாலிடர் கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ராத்திரி 'ஒளியும் ஒலியும்' அரைமணி நேரம். ஐந்து ஆறு சினிமாப் பாட்டு போடுவார்கள். வாரம் முழுக்கக் காத்திருந்தது அதற்குத்தான். மொட்டை மாடியில் ஒருவன் ஆண்டெனாவைத் திருப்ப, நடுவில் ஒருவன் நின்று "தெரியுதா?" என்று கத்த, உள்ளிருந்து "போச்சு, பழைய இடத்துக்கே திருப்பு" என்று பதில் வரும். நல்ல பாட்டு நடுவில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' வந்துவிட்டால் எல்லாருக்கும் வயிற்றில் ஏதோ விழுந்தது மாதிரி இருக்கும். ஞாயிறு சாயந்திரம் தமிழ்ப் படம். ஞாயிறு மதியம் டில்லியிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மாநில மொழிப் படம் போடுவார்கள். தமிழுக்கு முறை வரும்வரை வங்காளம், அசாமியம், ஒரியா என்று எல்லாவற்றையும் பார்ப்போம். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்கவும் அப்படித்தான் பழகினேன். பள்ளியில் ஆங்கில வகுப்பு செய்ததைவிட அது அதிகம் செய்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒரு விஷயம் மட்டும் இப்போதும் உறுத்தும். அடுத்தவர் வீட்டில் டிவி பார்ப்பதில் ஒரு கூச்சம் இருந்தது. அவர்கள் வீட்டில் விருந்தாள் வந்திருந்தால் கதவு சாத்தியிருக்கும். நாங்கள் வெளியே திண்ணையில் உட்கார்ந்து பாட்டை மட்டும் கேட்போம். அவர்கள் வீட்டுப் பெண்ணோடு சண்டை போட்டால் அந்த வெள்ளிக்கிழமை போனது. 'காய்' விட்டவளோடு வியாழக்கிழமைக்குள் 'பழம்' விட்டாக வேண்டும். யார் மேல் தப்பு என்பதெல்லாம் அப்புறம்.

விசேஷ நாளில் டெக் எடுப்பார்கள். வீடியோ பிளேயரையும் கலர் டிவியையும் ஒரு நாள் வாடகைக்குக் கொண்டுவந்து வைத்து, விடிய விடிய மூன்று படம். ஆறு வீடும் காசு போட்டுக்கொள்ளும். மூன்றாவது படத்தை முழுசாகப் பார்த்தவர் எங்கள் காம்பவுண்டில் ஒருவரும் இல்லை. 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியது. தெருத்தெருவாகக் கேபிள் ஒயர் வந்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல வீட்டுக்கு ஒரு டிவி வந்து, முற்றத்தில் கூட்டம் குறைந்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போனதில் சந்தோஷம்தான்.

சினிமா கொட்டகைக்குப் போவது வேறு கதை. அதற்கு அனுமதி வேண்டும். அம்மாவிடம் கேட்டால் "அப்பாகிட்ட கேளு", அப்பாவிடம் கேட்டால் "பரீட்சை எப்போ?" எட்டாம் வகுப்பில் ஒரு வருஷத்தில் தியேட்டருக்குப் போனது நாலோ ஐந்தோ தடவைதான். அதனால் ஒவ்வொன்றும் யாரோடு போனோம், எங்கே உட்கார்ந்தோம், இடைவேளையில் என்ன வாங்கித் தந்தார்கள் என்பது வரை இருக்கிறது. தங்கம் தியேட்டரைப் பற்றி உங்கள் மகளுக்கு அவசியம் சொல்லுங்கள். 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்தது. 2,500-க்கும் மேல் இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதற்குள் நுழைந்து முதல் முறை திரும்பிப் பார்த்தபோது, பின்வரிசை இருட்டில் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்தால் அந்தச் சத்தம் மேலே போய்த் திரும்பி நம்மேல் விழும். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ரீகல் இருந்தது. அந்தக் கட்டடம் பகலில் நூலகம், சாயந்திரம் ஆங்கிலப் படம். அண்ணன் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவான். பொய் என்று சொல்லவும் முடியாது.

டிக்கெட் எடுப்பதில் பெண்களுக்கு ஒரே ஒரு வசதி. தனிக் கவுண்டர். அங்கே வரிசை சின்னது. அதனால் தெரியாத அண்ணன்மார்கள் எல்லாம் காசை நீட்டி "அக்கா, அப்படியே எங்களுக்கும் நாலு" என்று அம்மாவிடம் கெஞ்சுவார்கள். வெளியே வந்ததும் பாட்டுப் புத்தகம். மட்டமான தாளில் எட்டுப் பக்கம், எல்லாப் பாட்டு வரியும், முன்னால் கதைச் சுருக்கம். கதை முக்கியமான இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். பார்த்துவிட்டு வந்தவர்களுக்கும் அந்த வரியைப் படிப்பதில் ஒரு சுகம் இருந்தது.

கோடை விடுமுறைக்கு அப்பத்தா ஊருக்குப் போனால் டூரிங் கொட்டகை. கீற்றுக் கூரை, மணல் தரை. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால் நமக்கு நன்றாகத் தெரியும், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். அதற்கு ஒரு சண்டை. ஆட்டம் தொடங்குமுன் குழாய் ரேடியோவில் பிள்ளையார் பாட்டு போடுவார்கள். அது காதில் விழுந்ததும் அப்பத்தா அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஒரே ஒரு புரொஜெக்டர்தான் என்பதால் ரீல் மாற்ற மாற்ற மூன்று நான்கு இடைவேளை வரும். ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்கு. 'இன்டர்வெல்' என்றால் ஒன்றுதான் என்று பிறகு மதுரையில் தெரிந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இப்போது பெண்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். 13 வயதில்தான் எனக்குச் சடங்கு செய்தார்கள். மைக் செட் கட்டி, கூம்பு ஒலிபெருக்கியில் காலையிலிருந்து பாட்டு. தெருவே கேட்டது. எனக்கு முகம் தூக்கி வெளியே பார்க்க முடியவில்லை. அன்றைக்கு ஓடிய பாட்டுகளை நான் ரொம்ப நாள் கேட்காமல் ஒதுக்கி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு தோழிகளோடு தியேட்டருக்குப் போவது நின்றது. வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டுவது நின்றது. பள்ளிக்குப் பாவாடை தாவணி. தெருவில் அண்ணனின் கூட்டாளிகள் கிரிக்கெட் ஆடும்போது வாசலில் நின்றால் "உள்ள போடி" என்று குரல் வரும். அண்ணன் 1992 உலகக் கோப்பையை ஆஸ்திரேலிய நேரத்துக்கு விடிகாலையில் எழுந்து யார் யார் வீட்டிலோ போய்ப் பார்த்தான். சிட்னியில் நாம் பாகிஸ்தானை ஜெயித்த ஆட்டத்தை அவன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பந்து பந்தாகச் சொன்னான், எழுந்து குதித்துக் காட்டினான். அந்த அன்பை மறக்கவில்லை. ஆனாலும் நான் பார்த்திருக்கலாம்.

அதனால், "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. நினைத்த பாட்டை நினைத்த நேரத்தில், யார் அனுமதியும் கேட்காமல், தன் அறையில் அவள் கேட்கிறாள். 13 வயதில் நான் அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

வெளியே போவது குறைந்தபோது எனக்கு மிச்சமிருந்தது பக்கத்து வீட்டுத் தோழி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மதியங்களில் மாடிப்படியில் உட்கார்ந்து பாட்டு நோட்டு எழுதுவோம். ஒரு வரி ஓடவிட்டு, நிறுத்தி, எழுதி, திரும்ப ஓடவிட்டு. சில சொற்கள் எத்தனை தடவை கேட்டாலும் விளங்காது. எங்களுக்குப் புரிந்தபடி எழுதிவைப்போம். பாட்டுக்குப் பாட்டு விளையாடுவோம். அவள் அம்மா வேலை செய்தபடியே வந்து சேர்ந்துகொள்வார். அவர் இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் பி.எச்.அப்துல் ஹமீது நடத்தியதைக் கேட்டுப் பழகியவர். எழுத்து மாறியதும் யோசிக்காமல் ஒரு பழைய பாட்டை எடுத்துவிடுவார், நாங்கள் இருவரும் தோற்றுப்போவோம். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வாங்குவோம். மாசி வீதியில் நடைபாதை முழுக்கக் கயிற்றில் தொங்கும், ரஜினி, கமல், கரும்பும் பானையும், மாட்டு வண்டி. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு நான் ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்பினேன். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டி அவள் வீட்டில் போய்க் கொடுப்பதைப் பார்க்க வேண்டும் என்று.

1993 மே மாதம் அவள் குடும்பம் சாத்தூருக்குக் குடிபோனது. போகும் முன் இருவரும் ஆளுக்கு ஒரு கேசட் பதிந்து கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். சேர்த்து வைத்திருந்த காசில் அவளும் நானும் தனித்தனியாக ரெக்கார்டிங் கடைக்கு அவரவர் அண்ணன் மூலம் தாள் கொடுத்தனுப்பினோம். அவள் எனக்குத் தந்த கேசட்டின் அட்டையில் பன்னிரண்டு பாட்டையும் சிவப்பு, நீல மையில் மாற்றி மாற்றி எழுதியிருந்தாள். யாரும் அதன்மேல் வேறு பாட்டைப் பதிந்துவிடக் கூடாது என்று மேலே இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களையும் அவளே உடைத்துக் கொடுத்தாள். அவற்றை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டு ரோஜா படத்துப் பாட்டு. முந்தைய ஐந்தும் கொஞ்சம் நீளமானவை போலிருக்கிறது, நாடா போதவில்லை. இரண்டாவது சரணம் தொடங்கி ஒன்றரை வரியில் டக்கென்று நின்றுவிடும்.

அந்தக் கேசட்டை 1998 வரை கேட்டேன். பிறகு போட்டுக் கேட்க டேப் இல்லை. இப்போது அதே பாட்டைப் போனில் முழுசாகக் கேட்கிறேன். அந்த ஒன்றரை வரி வந்ததும் கை தானாகக் கேசட்டைத் திருப்பிப் போட எழும்.